மெய்யைக் கடைசியில் படியுங்கள்: பழைய ஜப்பானிய வாளின் கொல்லரையும் மரபையும் கண்டறியும் வழி

பழைய ஜப்பானிய வாள் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் காரியம், கைப்பிடியைக் கழற்றி எழுத்தைத் தேடுவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதிக்கு நகாகோ என்று பெயர். அதில் கொல்லர் உளியால் வெட்டிய கையெழுத்துக்கு ஜப்பானிய மொழியில் 'மெய்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது உண்மை என்று கேட்கிறது. ஆனால் ஒரு வாளில் பொய் சொல்ல மிகச் சுலபமான இடம் அந்த மெய்தான். பெயர் பெற்ற கொல்லரின் கையெழுத்தை வேறொருவர் வாளில் வெட்டி விற்பது ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக நடந்திருக்கிறது. அதற்குத் தனிச் சொல்லே உண்டு: கிமெய், அதாவது பொய்க் கையெழுத்து.

கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும் அது மட்டும் போதாது. ராய் குனிமித்சு, ஷிந்தோகோ குனிமித்சு, அவாதாகுச்சி குனிமித்சு என மூன்று வேறு பட்டறைகளில் ஒரே பெயர் உண்டு. சுகேசதா என்ற பெயரில் பல பத்துப் பேர் வாள் அடித்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், மிக உயர்ந்த வாள்களில் பலவற்றுக்குக் கையெழுத்தே கிடையாது. நீளமான பழைய வாளைப் பிற்காலத்தில் அடியிலிருந்து வெட்டிக் குறைத்தபோது கையெழுத்தும் சேர்ந்து போய்விட்டது.

அதனால் ஜப்பானில் வாள் பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்கள் ஒரு வரிசையைச் சொல்வார்கள். வடிவம் காலத்தைச் சொல்லும். இரும்பின் ரேகை ஊரையும் மரபையும் சொல்லும். வெட்டுவாயைக் கடினமாக்க வாளைத் தண்ணீரில் தோய்க்கும்போது விழும் தோய்ச்சல் கோடு கொல்லரின் கையைச் சொல்லும். நகாகோ இவற்றை உறுதிப்படுத்தும் அல்லது மறுக்கும். கையெழுத்து கடைசி. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

தொடும் முன்

வெட்டுவாயை மேல்நோக்கி வைத்து, வாளின் முதுகு உறையில் சரிந்து வருமாறு மெதுவாக உருவுங்கள். கைப்பிடியைக் கழற்ற, அதில் செருகியிருக்கும் மூங்கில் ஆணியைத் தட்டி எடுங்கள். அப்புறம் இடது கையில் கைப்பிடியின் கடைக்கோடியைப் பிடித்து, வாளைச் சற்றே சாய்வாக நிமிர்த்தி, வலது முட்டியால் இடது மணிக்கட்டில் லேசாகக் குத்தினால் நகாகோ தளர்ந்து மேலே வரும். விரல் இரும்பில் படக்கூடாது. வாள் வெளியே இருக்கும்போது பேசாமல் இருப்பது நல்லது, ஒரு துளி எச்சில் பட்டாலும் துரு பிடிக்கும்.

இதற்கெல்லாம் மேலான விதி ஒன்று: நகாகோவில் இருக்கும் துருவைத் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. பல நூறு ஆண்டுகளில் சேர்ந்த அந்தத் துருதான் வயதுக்குச் சாட்சி. கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய நகாகோக்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப் போகும். ஒரே நாள் மதியத்தில் அழிந்த சாட்சியம் அது.

முதல் படி: கையை நீட்டி, வடிவத்தைப் பாருங்கள்

வாளை முனை மேலே இருக்கும்படி நிமிர்த்தி, கையை நன்றாக நீட்டிப் பிடியுங்கள். எழுத்தையோ ரேகையையோ இன்னும் பார்க்க வேண்டாம். எவ்வளவு நீளம், எங்கே வளைகிறது, அடி அகலத்துக்கும் நுனி அகலத்துக்கும் என்ன வித்தியாசம், முனை சிறியதா பெரியதா, இவ்வளவுதான் இப்போது கேள்வி.

நீளத்தை ஷாக்கு என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ஷாக்கு 30.3 செ.மீ. அதற்குக் குறைந்தது தாந்தோ, ஒன்றிலிருந்து இரண்டு ஷாக்கு வரை வாக்கிசாஷி, 60.6 செ.மீ.க்கு மேல் போனால் கட்டானா அல்லது தாச்சி. தாச்சி என்பது வெட்டுவாய் கீழ்நோக்கி இருக்கும்படி இடுப்பில் தொங்கவிட்ட குதிரைவீரனின் வாள். கட்டானா வெட்டுவாய் மேல்நோக்கி இடைக்கச்சையில் செருகியது.

ஹெயான் காலத்தின் இறுதியிலும் காமாகுரா காலத்தின் தொடக்கத்திலும், அதாவது 12ஆம் நூற்றாண்டை ஒட்டி, வந்த தாச்சிகள் ஒல்லியானவை. வளைவு முழுவதும் கைப்பிடிக்கு அருகிலேயே ஆழமாக இருக்கும், அங்கிருந்து மேலே போகப் போக ஏறக்குறைய நேராகிவிடும். அடி அகலம், நுனி குறுகல், முனை சின்னது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மிகாசுகி முனேச்சிகா இந்த வடிவத்துக்குச் சிறந்த உதாரணம். 80 செ.மீ. நீளம், 2.7 செ.மீ. வளைவு. ஒருமுறை அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

13ஆம் நூற்றாண்டின் நடுவில் வாள் அகலமாகிறது, முனை குட்டையாகவும் தடிப்பாகவும் ஆகிறது. காட்டுப்பன்றியின் கழுத்து என்று பொருள்படும் 'இகுபி' என்ற பெயர் அந்த முனைக்கு. 1274லிலும் 1281லிலும் மங்கோலியப் படையெடுப்புகள் வந்து போன பிறகு முனை நீளத் தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டில், இரண்டு அரசவைகள் ஒன்றையொன்று எதிர்த்த நன்போக்குச்சோ காலத்தில் (1336–1392), வாள்கள் பிரம்மாண்டமாகிவிட்டன. மிக நீளம், மிக அகலம், பெரிய முனை, ஆனால் தடிமன் குறைவு. இவற்றில் பெரும்பாலானவைதான் பின்னால் வெட்டிக் குறைக்கப்பட்டவை.

1467ல் தொடங்கிய ஓனின் போருக்குப் பிறகு சண்டை காலாட்களின் கைக்கு வந்துவிட்டது. வாள் குட்டையாகி, ஒரு கையால் பிடிக்கும்படி நகாகோவும் குறுகியது. இடுப்பிலிருந்து உருவிய வேகத்திலேயே வெட்ட வசதியாக, வளைவு முனைப் பக்கம் நகர்ந்துவிட்டது.

1596க்கு முந்தைய வாள்களைக் கோத்தோ என்றும், அதற்குப் பிறகு வந்தவற்றை ஷிந்தோ என்றும் பிரிப்பது வழக்கம். ஷிந்தோவின் தொடக்க வாள்கள், வெட்டிக் குறைத்த நன்போக்குச்சோ வாளைப் போலவே அகலமாகவும் பெரிய முனையோடும் இருக்கும். கன்புன் காலத்து (1661–1673) வாளைக் கண்டுபிடிப்பது எளிது. வளைவு மிகக் குறைவு, அடியில் 3 செ.மீ. இருந்தால் நுனியில் 2 செ.மீ.தான், முனையும் அளவானது. 1780களுக்குப் பிறகு வந்த ஷின்ஷிந்தோ கொல்லர்கள் பழைய வடிவங்களை எல்லாம் திரும்பச் செய்து பார்த்தார்கள். இங்கேதான் குழப்பம் வரும். நன்போக்குச்சோ வடிவில் இருக்கும் வாளைக் கையில் வாங்கியதும் கனமாக, தடிப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான பழைய வாள் பல முறை சாணை பிடிக்கப்பட்டுத் தேய்ந்திருக்கும், கையில் லேசாக உட்காரும்.

இன்னொன்றையும் இதே கட்டத்தில் தீர்மானிக்க வேண்டும்: இந்த வடிவம் முழுசானதா, குறைக்கப்பட்டதா? நகாகோவில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தாலோ, வாளின் பக்கத்தில் நீளவாக்கில் வெட்டிய பள்ளம் நகாகோவின் கடைசி வரை ஓடி வெட்டுப்பட்டு நின்றாலோ, அடியில் ஒரு பகுதி போய்விட்டது என்று அர்த்தம். போன பகுதியை மனசுக்குள் சேர்த்துப் பார்த்துத்தான் வளைவை மதிப்பிட வேண்டும். அடியில் வெட்டினால் கைப்பிடிக்கு அருகில் இருந்த ஆழமான வளைவுதான் முதலில் காணாமல் போகும்.

இரண்டாம் படி: இரும்பின் ரேகை

இப்போது வாளைக் கண்ணுக்கு அருகே கொண்டு வாருங்கள். வெட்டுவாய்க்கும் முதுகுக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு மேடு ஓடும், அது ஷினோகி. ஷினோகிக்கும் தோய்ச்சல் கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பு ஜி. கொல்லர் இரும்பை மடித்து மடித்து அடித்ததால் அந்தப் பரப்பில் மரத்தைப் போலவே ரேகை விழுந்திருக்கும். அதற்கு ஹதா என்று பெயர். பலகையில் நீளவாக்கில் ஓடும் நேர்ரேகை போல் இருந்தால் மாசாமே. வளைந்து நெளிந்து ஓடினால் இத்தாமே. கணுவைச் சுற்றிய வளையம் போலிருந்தால் மோக்குமே. பொதுவாகக் கலந்துதான் இருக்கும், எது மேலோங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

கோத்தோ காலத்து மரபுகளை ஐந்தாகப் பிரிப்பார்கள்: யமாஷிரோ, யமாத்தோ, பிஜென், சோஷூ, மினோ. எல்லாமே பழைய ஜப்பானின் மாகாணப் பெயர்கள். கீழே 'நாடு' என்று சொல்வதும் அந்த மாகாணங்களைத்தான்.

முதலில் கற்க வேண்டியது பிஜென், இன்றைய ஒக்காயாமாப் பகுதி. தப்பிப் பிழைத்த பழைய வாள்களில் மிக அதிகம் அங்கிருந்து வந்தவை என்பதால் உங்கள் கைக்கும் அதுவே அதிகம் வரும். அதன் அடையாளம் உத்சுரி. விளக்கின் கீழ் வாளைச் சற்றுச் சாய்த்தால், ஜி பரப்பில் தோய்ச்சல் கோட்டுக்கு மேலே வெண்மையான நிழல் ஒன்று எழும். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி மங்கல். கோணத்தை மாற்றினால் மறைந்துவிடும், திரும்பச் சாய்த்தால் மறுபடி வரும். காமாகுரா காலத்து பிஜெனில் அது கலைந்த நிழலாக இருக்கும். 1400க்கு அருகில், ஓஎய் காலத்து பிஜெனில், ஒரு நேரான பட்டையாக ஓடும். மோரிமித்சு, யாசுமித்சு இருவரும் அந்தக் காலத்துப் பெயர்கள். முதன்முதலில் உத்சுரி எனக்குத் தெரிய ஏழெட்டு வாள்கள் தேவைப்பட்டன. அதுவரை மற்றவர்கள் சொல்வதை நம்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு கண் தானாகத் தேடும்.

யமாத்தோ என்பது நாராவின் பெரிய கோயில்களைச் சார்ந்திருந்த மரபு. சென்ஜுயின், தேகாய், தாய்மா, ஹோஷோ, ஷிக்காக்கே என்று ஐந்து பட்டறைகள். கோயிலுக்கு அடித்துக் கொடுத்ததால் கையெழுத்துப் போட்ட வாள் குறைவு. ரேகையில் மாசாமே கலந்திருக்கும், ஷினோகி மேடு உயர்ந்திருக்கும், தோய்ச்சல் கோட்டில் துடைப்பத்தால் இழுத்தது போன்ற கீற்றுகள் தெரியும். ரேகை முழுக்க முழுக்க நேராக ஓடினால், யோசிக்காமல் முதலில் ஹோஷோ என்று சொல்லலாம்.

யமாஷிரோ என்றால் கியோத்தோ. மிக நுண்ணிய ரேகை, ஈரம் இருப்பதுபோன்ற பளபளப்பு, அமைதியான நேர்க்கோட்டுத் தோய்ச்சல். அவாதாகுச்சி பட்டறையின் ரேகையைப் பேரிக்காயை வெட்டிய சதைக்கு ஒப்பிடுவார்கள். அதற்கடுத்த பெரிய பட்டறை ராய்.

சோஷூ, காமாகுரா நகரத்தின் மரபு. ஷிந்தோகோ குனிமித்சுவில் தொடங்கி யுகிமித்சு, மசாமுனே, சதாமுனே என்று போகிறது. ரேகைக்குள் கருமையான மின்னல் இழைகள் ஓடும், தோய்ச்சலில் மணிமணியாகப் படிகங்கள் சிதறியிருக்கும். மசாமுனே என்று ஒப்புக்கொள்ளப்பட்ட நீண்ட வாள்கள் பெரும்பாலும் கையெழுத்து இல்லாதவை. ஆகவே "மசாமுனே" என்று தெளிவாக வெட்டிய நீள வாள் ஒன்று யாராவது நீட்டினால் அவசரப்படாதீர்கள்.

மினோ கடைசியாக எழுந்தது. யமாத்தோவிலிருந்து வந்த கானேஉஜியோடு வளர்ந்து, பிறகு செக்கி என்ற ஊரில் போர்க்காலத் தேவைக்கு ஏராளமாக அடித்தது. தோய்ச்சலில் கூரான பல்முனைகள், ரேகையில் வெண்மை கலந்த மந்தம். பெயர்கள் பெரும்பாலும் 'கானே' என்ற எழுத்தில் தொடங்கும்.

ஐந்துக்கும் வெளியே நிற்பவையும் உண்டு. ரேகை முழுவதும் சீரான அலையலையாக ஓடினால் அது அயாசுகி, வடக்கே தேவா நாட்டின் கஸ்ஸான் பட்டறையின் முத்திரை. பிஜெனுக்குப் பக்கத்து நாடான பிச்சூவின் பழைய அவோயே வாள்களில், நல்ல ரேகைக்கு நடுவே ஆங்காங்கே கருமையான திட்டுகள் தெரியும்.

மூன்றாம் படி: விளக்கும் தோய்ச்சல் கோடும்

இதற்கு ஒரு குண்டு பல்பு வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அறையை அரையிருட்டாக்கி, பல்பு உங்களுக்கு எதிரே சற்று உயரத்தில் இருக்கட்டும். வாள்முனையைப் பல்பை நோக்கி நீட்டி, அதன் பிரதிபலிப்பு வெட்டுவாய்க்குப் பக்கத்தில் விழும்படி மெதுவாக அசையுங்கள். அந்த ஒளிப்புள்ளியின் ஓரத்தில்தான் உண்மையான கோடு எரிந்து தெரியும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தூரத்திலிருந்து பார்க்கும்போது தெரிகிற வெள்ளைப் பட்டை கொல்லருடையது அல்ல. நவீன சாணைக்காரர் ஹதோரி என்ற முறையில் கல்லால் தேய்த்து வெளுக்க வைத்தது அது. கோட்டின் போக்கை அது ஏறக்குறையத்தான் காட்டும். புத்தகப் படங்களையும் இணையப் படங்களையும் மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

கொல்லர் வாள் முழுவதும் களிமண் பூசுவார், வெட்டுவாயில் மெல்லியதாக, முதுகில் தடிப்பாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது வெட்டுவாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹமோன். அந்த எல்லையில் மணல்மணி போலத் தனித்தனியாகத் தெரியும் படிகங்கள் நியே. தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாமல் விடியற்காலைப் பனிபோலத் தெரிந்தால் நியோய். பிஜெனும் மினோவும் பெரும்பாலும் நியோய்ப் பக்கம். யமாஷிரோ, யமாத்தோ, சோஷூ மூன்றும் நியேப் பக்கம்.

இனி ஆளைத் தேடலாம். கிராம்பு மொட்டுகளை அடுக்கியதுபோல் கோடு பொங்கினால் அது சோஜி, பிஜெனின் ஃபுக்குவோக்கா இச்சிமோன்ஜி பட்டறையின் ஆட்டம். பிஜெனின் ஒசாஃபுனே ஊரில் மித்சுததா, அவர் மகன் நாகாமித்சு, பேரன் காகேமித்சு என்று வரும்போது ஆட்டம் அடங்குகிறது. ரம்பப் பல்லைச் சாய்த்து அறுத்ததுபோல ஒரு பக்கம் சரிந்த வடிவம் காகேமித்சுவுடையது. மூன்று தேவதாரு மரங்கள் சேர்ந்து நிற்பதுபோல், நடுமுனை உயர்ந்து வரிசையாக வந்தால் செக்கியின் கானேமோத்தோ. வாளின் இரண்டு பக்கமும் கோடு அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் இசே நாட்டு முராமாசாவை நினையுங்கள். தோய்ச்சல் கோட்டோடு நிற்காமல் ஜி முழுவதும் திட்டுத் திட்டாகப் பரவினால் அது ஹிதாத்சுரா: சோஷூவின் ஹிரோமித்சு, அகிஹிரோ, அல்லது ஹசேபே.

ஷிந்தோ காலத்தில் போக்குவரத்து பெருகி, கோட்டை நகரங்களில் கொல்லர்கள் கலந்ததால் ஐந்து மரபு என்ற சட்டகம் தளர்ந்துவிடும். அங்கே ஊரையும் ஆளையும் நேராகத் தேட வேண்டும். கைப்பிடிக்குப் பக்கத்தில் கோடு நேராகப் புறப்பட்டு, பிறகு அலையாக எழுந்தால் அது ஒசாக்காவின் பழக்கம். பெரிய கடலலைகள் உருண்டு வருவதுபோன்ற கோட்டை உருவாக்கியவர் ஒசாக்காவின் த்சுதா சுகேஹிரோ. எதோவில் (இன்றைய டோக்கியோ) கொதேத்சுவின் கோடு ஜெபமாலை மணிகள்போல் உருண்டையாக ஓடும். அரிசித் தவிட்டைத் தூவியதுபோன்ற சீரான ரேகையும் ஒழுங்கான நேர்க்கோடும் சேர்ந்து வந்தால் க்யூஷுவின் ஹிஜென் ததாயோஷி குடும்பம்.

முனைக்குள் கோடு எப்படித் திரும்புகிறது என்பதையும் பாருங்கள். அது போஷி. முகத்தில் கண் எப்படியோ வாளில் போஷி அப்படி. பெரிய பரப்பில் அலங்காரம் செய்யத் தெரிந்த கொல்லருக்கும் அந்தச் சின்ன முக்கோணத்தில் கை நடுங்கும். யமாத்தோவில் துடைப்பக் கீற்றோடு திரும்பாமலே போய்விடும். மினோவில் ஜிஜோ என்ற போதிசத்துவரின் தலையும் கழுத்தும்போல் திரும்பும். ஒசாஃபுனேயின் கானேமித்சுவில் மெழுகுவர்த்திச் சுடர்போல் கூராகும்.

நான்காம் படி: நகாகோ

இதுவரை பார்த்ததிலேயே உங்கள் மனசில் ஒரு காலமும் ஒரு ஊரும் வந்திருக்க வேண்டும். அதைத் தாளில் எழுதிவிட்டு நகாகோவுக்கு வாருங்கள்.

துருவின் நிறம் முதலில். கோத்தோவில் ஆழமான கருமை கலந்த பழுப்பு, தொட்டால் வழவழப்பு. ஷிந்தோவில் பழுப்பு. ஷின்ஷிந்தோவில் துரு மெல்லிது, அரத் தடம் கூர்மையாகத் தெரியும். ஒரே நகாகோவில் ஒரு பகுதிக்கு ஒரு நிறமும் இன்னொரு பகுதிக்கு வேறு நிறமும் இருந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அரத் தடமும் பட்டறைக்குப் பட்டறை மாறும். அவோயேயில் செங்குத்தாகச் சரிந்த கோடுகள். யமாத்தோவிலும் மினோவிலும் பருந்தின் இறகுபோல நடுவில் சந்திக்கும் கோடுகள் உண்டு. ஹோஷோவில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வேலி வடிவம். நகாகோவின் மேற்பகுதியில் மட்டும் அலங்காரமாக வேறு கோணத்தில் அரம் போட்டிருந்தால் அது ஷிந்தோவிலிருந்து வந்த வழக்கம். 13ஆம் நூற்றாண்டுப் பெயர் வெட்டிய, ஆனால் இந்த அலங்கார அரம் போட்ட வாளை அங்கேயே கீழே வைத்துவிடலாம். நகாகோவின் வடிவமும் பேசும். வயிறு பெருத்த மீன்போல் வளைந்திருந்தால் முராமாசா பட்டறைப் பக்கம் பாருங்கள்.

ஐந்தாம் படி: இப்போது மெய்

எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறார்கள் என்பதே முதல் தகவல். முனை மேலே, வெட்டுவாய் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். உங்களுக்குத் தெரியும் பக்கத்தில் கையெழுத்து இருந்தால் அது கட்டானாவாகச் செருகுவதற்கு அடித்தது. மறுபக்கம் இருந்தால் தாச்சி. இதற்கு விலக்குகள் உண்டு, அந்த விலக்குகளே அடையாளமும் ஆகும். ஹிஜென் ததாயோஷி குடும்பத்தார் கட்டானாவிலும் தாச்சிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். பழைய அவோயே கொல்லர்கள் தாச்சியிலும் எதிர்ப்பக்கம் போடுவதுண்டு.

நீளமான மெய்யில் நாடு, ஊர், பட்டப்பெயர், சொந்தப் பெயர் என்று வரிசையாக வரும், முடிவில் 'செய்தது' என்ற எழுத்தும் வரலாம். பிஜெனின் சுகேசதா இதற்கு நல்ல பாடம். "பிஷூ ஒசாஃபுனே சுகேசதா" என்று சுருக்கமாக இருந்தால் பெரும்பாலும் போர்க்காலத்தில் மொத்தமாக அடித்த வாள். "பிஜென் நாட்டில் வாழும் ஒசாஃபுனே யோசோசாஎமோன் நோ ஜோ சுகேசதா" என்று ஆளின் தனிப்பெயரோடு முழுசாக இருந்தால், ஒருவர் கேட்டு அவருக்காகவே அடித்தது. மதிப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தேதி மறுபக்கம் இருக்கும்: ஆட்சிக்காலப் பெயர், எத்தனையாவது ஆண்டு, மாதம். ஆண்டு எது ஆனாலும் மாதம் இரண்டு அல்லது எட்டு என்றே அடிக்கடி வரும். எய்ஷோ 1504ல் தொடங்கியது, ஆகவே எய்ஷோ 14 என்றால் 1517. ஓஎய் 35 ஆண்டுகள் மட்டுமே நீடித்தது, ஓஎய் 38 என்று இருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. நன்போக்குச்சோ காலத்தில் வடக்கு அரசவைக்கு ஒரு பெயர், தெற்கு அரசவைக்கு இன்னொன்று. கொல்லர் எந்தப் பெயரை வெட்டினார் என்பதிலிருந்து அவர் ஊர் யார் கையில் இருந்தது என்பதுகூடத் தெரியும்.

பிறகுதான் எழுத்தின் கை. சந்தேகமில்லாத வாள்களிலிருந்து எடுத்த மெய்ப் பிரதிகளை அருகில் வைத்து, ஒவ்வொரு கீற்றாக ஒப்பிடுங்கள். உளி எந்தக் கோணத்தில் இறங்கியது, எங்கே தூக்கினார், எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி. கொல்லரின் கையெழுத்து வயதோடு மாறும். சுகேஹிரோ முதலில் கட்டமான எழுத்தில் வெட்டினார், பிறகு வளைந்தோடும் எழுத்துக்கு மாறினார். தேதியும் எழுத்து வகையும் ஒத்துப்போக வேண்டும்.

நான் முதலில் வாங்கிய வாக்கிசாஷியில் அந்த வளைந்தோடும் சுகேஹிரோ கையெழுத்துதான் இருந்தது. விற்றவர் நகாகோவைத்தான் முதலில் காட்டினார். அலை அலையாகக் கோடும் இருந்தது, வாங்கிவிட்டேன். ஒரு வருடம் கழித்து, வாள் பார்க்கக் கற்ற இடத்தில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் கைப்பிடியைக் கழற்றவே இல்லை. பல்பின் கீழ் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த அலைகளை எண்ணிப் பாருங்கள்" என்றார். எண்ணினேன். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில் வந்தன. கோட்டுக்குள் ஒளி இல்லை, மந்தமாக இருந்தது. சுகேஹிரோவின் அலைக்குள் இருக்கும் ஆழமான, பிரகாசமான நியோய் அதில் இல்லவே இல்லை. பிறகு நகாகோவைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, வளைவுகளில் உளி நின்று நின்று போயிருப்பது எனக்கே தெரிந்தது. தன் பெயரை ஆயிரம் முறை வெட்டிய கை அப்படித் தயங்காது. அந்த வாளை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகக் கற்க வருபவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

கிமெய் என்று தெரிந்தால் உடனே அரத்தை எடுத்து அழிக்க வேண்டாம். அழித்த பிறகு அது உண்மை என்று தெரியவந்தால் திரும்ப வராது. நிபுணர் குழுவிடம் காட்டிய பிறகு முடிவு செய்யலாம்.

கையெழுத்து இல்லாதவையும் மறுகையெழுத்தும்

முமெய் என்றால் கையெழுத்து இல்லாதது. தலைமுறை தலைமுறையாக வாள் சாணை பிடித்து மதிப்பிட்டு வந்த ஹோன்னாமி குடும்பத்தார், வெட்டிக் குறைத்த வாள்களில் தாங்கள் தீர்மானித்த கொல்லர் பெயரைத் தங்கத்தில் பதித்தார்கள். ஃபுக்குவோக்கா நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹெஷிகிரி ஹசேபே அப்படிப்பட்டது. போர்த்தலைவர் ஓதா நொபுனாகாவிடமிருந்து குரோதா குடும்பத்துக்கு வந்த வாள் அது. நகாகோவில் தங்க எழுத்தில் ஹசேபே குனிஷிகே என்ற பெயர் இருக்கிறது. அது கொல்லர் போட்டதல்ல, மதிப்பிட்டவர் சொன்ன தீர்ப்பு.

ஒரு பெயர் பொய்யாக இருக்க வாய்ப்பே குறைவு என்று சொல்ல வைப்பது துணை அடையாளங்கள்தான். எச்சிஜென் யாசுத்சுகு என்ற கொல்லருக்கு ஷோகன் தோக்குகாவா இயேயாசு தன் குடும்பச் சின்னத்தை வெட்டிக்கொள்ளும் உரிமை கொடுத்திருந்தார். அவர் வாள்களில் அந்தச் சின்னமும், அந்நியக் கப்பல்களில் வந்த 'நன்பான்' இரும்பால் செய்தது என்ற வரியும் சேர்ந்து வரும். வாள் எந்த இரும்பு என்பதையே கையெழுத்தில் சொல்லும் அரிய இடம் இது.

போர்க்கால வாள்கள்

மலாயாவிலும் பர்மாவிலும் ஜப்பானிய அதிகாரிகள் இடுப்பில் வாளோடு நடந்ததைப் பார்த்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 1945ல் சரணடைந்தபோது ஆயிரக்கணக்கான வாள்கள் கைமாறின. அவற்றில் பெரும்பகுதி தொழிற்சாலைச் சரக்கு. வாளிலோ உறையிலோ இலக்கம் குத்தி, பள்ளம் இயந்திரத்தால் வெட்டியிருந்தால் அது சார்ஜென்ட் போன்ற கீழ்நிலைப் படைத்தலைவர்களுக்கான இராணுவ வாள். நகாகோவில் சின்ன முத்திரை குத்தியிருந்தால் பெரும்பாலும் மரபுமுறை இல்லாமல், எண்ணெயில் தோய்த்தது. ஆனால் இராணுவக் கைப்பிடிக்குள் குடும்பத்தின் பழைய வாளைப் பொருத்திக்கொண்டு போனவர்களும் உண்டு. காமாகுரா காலத்துக் குனிமுனேயின் தாச்சி ஒன்று போருக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போய், சேகரிப்பாளர் வால்டர் காம்ப்டன் கைக்கு வந்தது. அதன் மதிப்பை உணர்ந்து 1963ல் ககோஷிமாவின் தெருக்குனி ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தார். ஆகவே உறையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பத்திரங்களும் பழகும் இடமும்

ஜப்பானில் ஒவ்வொரு வாளோடும் ஒரு பதிவுச் சீட்டு இருக்கும். நீளம், வளைவு, துளை எண்ணிக்கை, மெய் என்ன எழுதியிருக்கிறது என்பதை அது பதிவு செய்கிறது. மெய் உண்மை என்று அது சொல்லவில்லை. பலர் இதைச் சான்றிதழ் என்று காட்டி விற்கிறார்கள். மதிப்பீட்டுப் பத்திரம் வேறு. 1948ல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் ஹோசோன், தொகுபேத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபேத்சு ஜூயோ என்று நான்கு நிலைகளில் கொடுக்கிறது. இந்த முறைக்கு முந்தைய, வண்ணத் தாளில் கொடுத்த பழைய பத்திரங்கள் இருந்தால் மறுபடி சோதனைக்கு அனுப்புவது நல்லது.

கண் பழக, டோக்கியோவின் ர்யோகோக்குவில் இருக்கும் வாள் அருங்காட்சியகமும், ஒக்காயாமாவின் செத்தோஉச்சியில் இருக்கும் பிஜென் ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகமும் போதும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். படிப்பு வட்டங்களில் நகாகோவை மூடி வைத்து வாளைக் கொடுப்பார்கள், நீங்கள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். சரியென்றால் 'அதாரி'. அதே பட்டறையில் ஏறக்குறைய அதே கை என்றால் 'தோசென்', அதுவும் வெற்றிதான். திசையே தப்பென்றால் 'இயா'.

அப்படி ஒரு மேஜையில் எனக்கு வந்த வாளைச் சொல்கிறேன். நீளம் ஏறக்குறைய 69 செ.மீ., அகலம் அதிகம், பெரிய முனை, ஆனால் கையில் லேசு. பள்ளம் மூடியிருந்த நகாகோவுக்குள்ளும் போவது தெரிந்தது. வெட்டிக் குறைத்த நன்போக்குச்சோ என்று எடுத்துக்கொண்டேன். ரேகை இத்தாமே, நடுவில் மோக்குமே. சாய்த்தபோது உத்சுரி மெலிதாக எழுந்தது, அப்படியானால் பிஜென். ஆனால் கோட்டில் கிராம்பு மொட்டு இல்லை, சின்ன நியேயோடு தாழ்வான அலை. சோஷூவின் செல்வாக்கு பிஜெனுக்குள் வந்த காலம் அது. இரண்டு பெயர்கள் மனசில் வந்தன: சோகி, கானேமித்சு. சோகி என்றால் கோடு காது மடல்போல் உயர்ந்து ஆர்ப்பரிக்கும், இது அமைதியாக இருந்தது. முனையைப் பல்பை நோக்கித் திருப்பினேன். போஷி சுடர்போல் கூராகி நின்றது. ஒசாஃபுனே கானேமித்சு என்று எழுதிக் கொடுத்தேன். அதாரி என்று வந்தது.

துணியை விலக்கியபோது நகாகோவில் மூன்று துளைகள், அடி சதுரமாக வெட்டப்பட்டிருந்தது, ஒரு எழுத்தும் இல்லை.